டவுன் ஜாக்கெட் தேர்ந்தெடுப்பது எப்படி? முதல் குளிர்காலத்துக்கு ஆயத்தமாகிறவர்களுக்கான வழிகாட்டி

கடுங்குளிர் நிலவும் ஓர் இடத்துக்குப் புதிதாகக் குடியேறுபவர் வாங்கும் பொருள்களில், தேர்வு பிசகினால் நாள்தோறும் உணர்த்திக்கொண்டே இருப்பது ஜாக்கெட்தான். கடையில் வரிசையாகத் தொங்கும் உப்பலான டவுன் ஜாக்கெட்டுகள் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் ஒன்றை அணிந்துகொண்டு குளிர்காற்றில் பேருந்துக்காக அரை மணி நேரம் நிற்க முடியும். மற்றொன்றில் பத்து நிமிடத்திலேயே தோள்கள் குறுகி உடல் நடுங்கத் தொடங்கிவிடும். இந்த வேறுபாடு துணியின் பளபளப்பிலோ மார்பில் தைத்திருக்கும் சின்னத்திலோ தெரிவதில்லை. உள்ளே எத்தகைய தூவி (டவுன் எனப்படும், வாத்தின் பஞ்சு போன்ற மென்மயிர்) இருக்கிறது, அது எத்தனை கிராம், எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது, உங்கள் உடலில் எப்படிப் பொருந்துகிறது என்பவற்றைப் பார்த்தால்தான் தெரியும். வாங்குபவர் எந்த வரிசையில் யோசிக்க வேண்டுமோ அதே வரிசையில் இக்கட்டுரை செல்கிறது.

உங்கள் குளிர் எப்படிப்பட்டது?

கடைக்குப் போவதற்கு முன்பே மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் வாழப்போகும் இடத்தில் மிகக் குளிரான மாதங்களின் வழக்கமான பகல், இரவு வெப்பநிலை என்ன? அந்தக் குளிர் ஈரமானதா, வறண்டதா? வெளியில் இருக்கும் நேரத்தில் நீங்கள் பெரும்பாலும் நடந்துகொண்டிருப்பீர்களா, நின்றுகொண்டிருப்பீர்களா?

வெப்பநிலையைப் பார்க்கும்போது வரலாற்றில் என்றோ ஒருநாள் பதிவான மிகக் குறைந்த அளவைப் பார்த்து மிரள வேண்டாம், சராசரியைப் பாருங்கள். அதோடு காற்றின் வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். கனடாவும் அமெரிக்காவும் 2001-இல் ஏற்றுக்கொண்ட காற்றுக்குளிர்க் கணக்கின்படி, மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், மூடாத தோலுக்கு அது ஏறத்தாழ மைனஸ் 20 டிகிரி போல இருக்கும். திறந்த வெளியிலோ ஆற்றங்கரையிலோ வசிப்பவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரிது.

இரண்டாவது கேள்வியைத்தான் புதியவர்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. வெப்பநிலை எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவுக்கு உடை தேர்வதும் கடினம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். டவுன் ஜாக்கெட்டைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மைனஸ் 12 டிகிரியில் விழும் பனி உலர்ந்த தூளாக இருக்கும். தோளில் படிந்ததைக் கையால் தட்டிவிட்டால் போதும். ஆனால் 1 அல்லது 2 டிகிரியில் மழையும் பனியும் கலந்து கொட்டும் நாளில், விழுவதெல்லாம் உடனே உருகித் துணிக்குள் இறங்கும். தூவி நனைந்தால் அதன் பயன் பெரும்பகுதி போய்விடும். ஆகவே, குளிர்காலம் முழுவதும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கும் ஈரமான இடத்தில் வசிக்கப் போகிறவர், ஜாக்கெட்டின் தடிமனைவிட அதன் மேல் எதைப் போடுவது என்பதைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி உடல் உழைப்பைப் பற்றியது. வேகமாக நடக்கும் உடல் தானே வெப்பத்தை உண்டாக்கும். அப்போது மிகத் தடித்த ஜாக்கெட் அணிந்திருந்தால் வியர்க்கும். அந்த வியர்வை உள்ளாடையையும் தூவியையும் ஈரமாக்கும். நடை நின்றதும் அந்த ஈரமே உடலைக் குளிர்விக்கும். வேலைக்கு இருபது நிமிடம் விறுவிறுப்பாக நடந்து செல்பவருக்கு இலேசான டவுன் ஜாக்கெட்டும் அதன் உள்ளே ஃபிளீஸ் எனப்படும் மென்மையான செயற்கை இழை மேற்சட்டை ஒன்றும் போதுமானதாக இருக்கலாம். குழந்தை விளையாடுவதைப் பார்த்தபடி பூங்காவில் நிற்பவருக்கும், பேருந்து நிறுத்தத்தில் காத்திருப்பவருக்கும், வெளியில் நின்று காவல் பணி செய்பவருக்கும் தடித்த, நீளமான ஜாக்கெட் வேண்டும். ஒரே வீட்டில் வசிக்கும் இருவருக்குக்கூட ஒரே ஜாக்கெட் பொருந்தாமல் போவதற்கு இதுவே காரணம்.

தூவி என்ன செய்கிறது?

வாத்தின் மேல் இறகுகளுக்கு அடியில், மார்பிலும் வயிற்றிலும் அடர்ந்திருக்கும் மெல்லிய பஞ்சு போன்ற பகுதிதான் டவுன் எனப்படும் தூவி. ஒரு தூவித் திரளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், இறகுக்கு இருப்பது போன்ற நடுத்தண்டு அதற்கு இல்லை என்பது தெரியும். ஒரு சிறு புள்ளியிலிருந்து நூலினும் மெல்லிய இழைகள் எல்லாத் திசைகளிலும் கிளைத்திருக்கும். விரலால் அழுத்தினால் இருந்த இடம் தெரியாமல் சுருங்கும்; விட்டதும் மெல்ல விரிந்து பழைய உருவத்துக்குத் திரும்பும். கையில் எடை இருப்பதாகவே தோன்றாது.

அந்த இழைகளுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்றுதான் உடலின் வெப்பத்தை வெளியேற விடாமல் காக்கிறது. ஜாக்கெட் தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. உங்கள் உடல் உண்டாக்கியதைத் தக்கவைக்கிறது, அவ்வளவே. ஆகவே வெளியில் போய்க் குளிர்ந்த பிறகு அணிவதைவிட, வீட்டுக்குள் உடல் கதகதப்பாக இருக்கும்போதே அணிந்து, ஜிப்பை மூடிக்கொண்டு புறப்படுவது நல்லது. தூவி அமுங்கினால் காற்று நிற்க இடமில்லை. நனைந்தால் இழைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும், அசையாக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் நீர் அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும். இனிச் சொல்லப்போகும் எல்லாத் தேர்வுகளும் தூவியை விரிந்த நிலையிலும் உலர்ந்த நிலையிலும் வைத்திருப்பதற்கானவையே.

சீட்டில் உள்ள எண்களை எப்படிப் படிப்பது?

டவுன் ஜாக்கெட்டின் சீட்டில் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது ஃபில் பவர் என்ற எண்ணாக இருக்கும்: 550, 650, 700, 800, சிலவற்றில் 900. ஓர் அவுன்ஸ் தூவியை, அதாவது சுமார் 28 கிராமை, ஓர் உருளைக் கலத்தில் இட்டு, அதன் மேல் இலேசான எடையை வைத்தால் அது எத்தனை கன அங்குல இடத்தை நிரப்புகிறது என்பதே அந்த எண். 800 ஃபில் பவர் கொண்ட ஒரு கிராம் தூவி, 600 ஃபில் பவர் கொண்ட ஒரு கிராமைவிட அதிக இடத்தை நிரப்பும். ஆகவே அதிகக் காற்றைப் பிடித்து வைக்கும். இது தூவியின் தரத்தைச் சொல்லும் எண்.

அந்த ஜாக்கெட்டுக்குள் எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்பதை அது சொல்லவே சொல்லாது. அதைச் சொல்வது ஃபில் வெயிட் என்ற மற்றோர் எண். அது சீட்டில் சிறிய எழுத்தில் இருக்கும். பல நேரங்களில் இருக்கவே இருக்காது, தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும். புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். மார்பில் 800 என்று பொறித்த ஜாக்கெட் 600 என்று பொறித்ததைவிட வெதுவெதுப்பாக இருக்கும் என்று நம்பி, மெல்லிய ஒன்றை வாங்கிவந்து குளிரில் நடுங்குகிறார்கள்.

இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்ப்பதே எளிய வழி. 800 ஃபில் பவர் தூவி 100 கிராம் உள்ள ஜாக்கெட்டுக்குப் பெருக்குத்தொகை 80,000; 600 ஃபில் பவர் தூவி 160 கிராம் உள்ளதற்கு 96,000. அவற்றை 28-ஆல் வகுத்தால் தூவி விரியக்கூடிய மொத்தக் கன அளவு கிடைக்கும்: முதலாவதற்குச் சுமார் 2,850 கன அங்குலம், இரண்டாவதற்குச் சுமார் 3,400. மற்ற அம்சங்கள் சமமாக இருந்தால் 600 என்ற ஜாக்கெட்தான் அதிக வெப்பம் காக்கும். 800 என்ற ஜாக்கெட் எடை குறைவாக இருக்கும், சிறு பொட்டலமாக மடங்கும். முதுகில் பையோடு மலையேறுபவருக்கு அந்த எடைக் குறைவு பெரிய வரம். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும் கடைத்தெருவுக்கும் போய்வருபவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. 600 முதல் 700 வரையிலான தூவி, கிராம் கணக்கில் தாராளமாக இருந்தாலே போதும் என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடுப்புவரை உள்ள ஜாக்கெட்டில் இருக்கும் 200 கிராமும், முழங்கால்வரை நீளும் கோட்டில் இருக்கும் 200 கிராமும் ஒன்றல்ல. இரண்டாவதில் அதே தூவி அதிகப் பரப்பில் பரவி மெலிந்திருக்கும். ஆகவே ஒத்த நீளமுள்ளவற்றையே ஒப்பிட வேண்டும். தயாரிப்பாளர்கள் தரும் ஃபில் வெயிட் பெரும்பாலும் நடுத்தர அளவுக்கானது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அமெரிக்கச் சோதனை முறைக்கும் ஐரோப்பிய முறைக்கும் சிறு வேறுபாடுகள் உண்டு. எனவே 650-க்கும் 700-க்கும் இடையே நின்று நெடுநேரம் குழம்ப வேண்டியதில்லை.

இடுப்பு நீள ஜாக்கெட்டுகளில், 60 முதல் 100 கிராம் வரை தூவி உள்ளவை பெரும்பாலும் இலையுதிர் காலத்துக்கும், கடுங்குளிரில் மற்றோர் உடையின் உள்ளே அணிவதற்கும் உரியவை. 120 முதல் 180 கிராம் வரை உள்ளவை உறைநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள நகர வாழ்க்கைக்கு ஏற்றவை. மைனஸ் 15 அல்லது அதற்கும் கீழே அசையாமல் நிற்க வேண்டியவர் 200 கிராமுக்கு மேல் உள்ளதைத் தேடலாம். இவை தோராயமான வழிகாட்டல்கள். ஒருவருடைய உடல்வாகும் உள்ளே அணியும் உடைகளும் இவற்றை மாற்றும்.

அதே சீட்டில் 90/10, 80/20 போன்ற விகிதமும் இருக்கும். முதல் எண் தூவியின் பங்கு, இரண்டாவது சிறு இறகுகளின் பங்கு. இறகின் பங்கு கூடினால் எடை கூடும். தண்டுகளின் முனை துணியைத் துளைத்து வெளியே எட்டிப் பார்ப்பதும் கூடும். 80/20-க்குக் குறையாமல் வாங்குங்கள். கூஸ் எனப்படும் பெரிய வாத்தின் தூவித் திரள்கள் பொதுவாகப் பெரியவை என்பதால் மிக உயர்ந்த ஃபில் பவர் எண்கள் பெரும்பாலும் அதிலிருந்தே வருகின்றன. சாதாரண வாத்தின் தூவியும் நன்றாகச் சுத்தம் செய்யப்பட்டிருந்தால் நகரப் பயன்பாட்டுக்கு முற்றிலும் போதுமானது. டவுன் போன்ற தோற்றம், டவுன் மாற்று, டவுன் உணர்வு என்றெல்லாம் எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பாலியஸ்டர் என்று புரிந்துகொள்ளுங்கள். உள்பக்கத் தையலில் இருக்கும் துணிவிவரச் சீட்டில் நிரப்புப் பொருள் என்ன என்பது விகிதத்தோடு குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மைனஸ் 30 வரை தாங்கும் என்பது போன்ற அறிவிப்புகளை ஒரே நிறுவனத்தின் இரண்டு ஜாக்கெட்டுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் சோதித்து அந்த எண்ணைத் தருவதில்லை. உள்ளே என்ன அணிந்திருந்தார், நின்றாரா நடந்தாரா என்பதைப் பொறுத்து அது மாறும்.

அறைகளும் தையலும்

தூவியைச் சும்மா இரண்டு துணிகளுக்கு இடையே கொட்டினால், சில நாள்களில் எல்லாம் கீழே இறங்கி, தோள்பகுதி வெறும் துணியாகிவிடும். அதைத் தடுக்கவே ஜாக்கெட் அறை அறையாகத் தைக்கப்படுகிறது. எடி பாவர் என்ற அமெரிக்கர் மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் குளிரால் உயிராபத்துக்கு உள்ளான பிறகு, 1936-இல் அவ்வாறு தைத்த தூவி ஜாக்கெட்டை உருவாக்கினார். 1940-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இன்று கடையில் காணும் வரிவரியான ஜாக்கெட்டுகளின் அடிப்படை அமைப்பு அதுவே.

பெரும்பாலான ஜாக்கெட்டுகளில் வெளித்துணியும் உள்துணியும் நேரடியாகச் சேர்த்துத் தைக்கப்படுகின்றன. தையல் ஓடும் கோட்டில் தூவி இருக்காது. அங்கே வெப்பம் கசியும், காற்றும் சிறிது நுழையும். மற்றொரு முறையில், இரு துணிகளுக்கும் நடுவே சிறு துணிப்பட்டைகளைச் சுவர்போல நிறுத்தித் தைப்பார்கள். அதனால் தையல் கோட்டிலும் தூவியின் தடிமன் குறையாது. எந்த முறை என்பதை அறிய, ஜாக்கெட்டின் தையல் கோட்டை உள்ளிருந்து ஒரு விரலாலும் வெளியிலிருந்து மறு விரலாலும் பிடித்துப் பாருங்கள். இரு விரல்களும் இரண்டு மெல்லிய துணிகளை மட்டும் உணர்ந்தால் நேர்த் தையல். நடுவே உப்பல் இருந்தால் சுவர்த் தையல். மைனஸ் 10 வரையான நகரக் குளிருக்கு நேர்த் தையலே போதும். அதற்கும் கீழே, காற்று மிகுந்த இடத்தில், சுவர்த் தையல் தரும் நன்மை தெளிவாகத் தெரியும்.

கடையிலேயே மற்றொன்றையும் செய்யுங்கள். ஜாக்கெட்டை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். அறைகளில் தூவி சீராக நிறைந்திருந்தால் ஒளி சமமாக மங்கும். எங்காவது வெறுமையாக இருந்தால் அந்த இடம் தனியாக வெளுத்துத் தெரியும். தோள்மேடு, தலைமூடி, கைமடிப்பு ஆகிய இடங்களை முதலில் பாருங்கள், ஏனெனில் சிக்கனம் செய்பவர்கள் அங்கேதான் சிக்கனம் செய்கிறார்கள். கருநிறத் துணியில் இது தெரியாது. அப்போது ஒவ்வோர் அறையையும் விரல்களால் நெருடிப் பார்க்கலாம். பிறகு ஓர் அறையைக் கையால் நன்றாக அழுத்திவிட்டுக் காத்திருங்கள். நல்ல தூவி சில நொடிகளில் மீண்டும் எழும்.

மேல்துணி

1922-இல் எவரெஸ்ட் பயணத்துக்குப் புறப்பட்ட ஜார்ஜ் ஃபின்ச், பலூன் செய்யப் பயன்படும் துணிக்குள் தூவியை அடைத்து ஒரு கோட்டைத் தைத்துக்கொண்டார். காற்றும் புகாமல் தூவியும் நழுவாமல் இருக்கும் அளவுக்கு நெருக்கமாக நெய்த துணி அது. இன்றைய ஜாக்கெட்டின் மேல்துணியிடம் எதிர்பார்க்க வேண்டியதும் முதலில் அதுதான்.

துணியின் நூல் தடிமனை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். 10 டெனியர் துணி மிக மென்மையானது, ஆனால் முதுகுப்பை வார், கதவுக் கொக்கி, நாயின் நகம் என எது உரசினாலும் கிழியும் அபாயம் உண்டு. அன்றாடப் பயன்பாட்டுக்கு 30 டெனியரும் அதற்கு மேலும் உள்ள துணியை நான் பரிந்துரைப்பேன். எடை சற்றுக் கூடினாலும் பல ஆண்டுகள் உழைக்கும்.

நீர் விலக்கி, நீர்புகாதது என்ற இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலான டவுன் ஜாக்கெட்டுகளின் மேல்துணியில் நீர்விலக்கிப் பூச்சு மட்டுமே இருக்கும். தூறலும் உலர்பனியும் அதன் மேல் முத்துமுத்தாக உருண்டு விழும்; தொடர்ந்து அரை மணி நேரம் மழை பெய்தால் தையல் துளைகள் வழியே நீர் இறங்கிவிடும். நீர்புகாத படலமும், உள்ளிருந்து நாடா ஒட்டி அடைத்த தையல்களும் உள்ள ஜாக்கெட்டே உண்மையில் மழையைத் தாங்கும். ஈரமான குளிர் உள்ள இடத்தில் வசிப்பவர், அத்தகைய மேல்துணி உள்ள டவுன் கோட்டை வாங்கலாம். அல்லது சாதாரண டவுன் ஜாக்கெட்டின் மேல் அகலமான மழைமேலுறை ஒன்றை அணியலாம். இரண்டாவது வழியே எனக்குப் பிடித்தமானது. மழை இல்லாத நாளில் டவுனை மட்டும் அணியலாம், மழை மட்டும் உள்ள நாளில் மேலுறையை மட்டும் அணியலாம். தூவிக்கே நீர் ஒட்டாத பதம் செய்து விற்பதும் உண்டு. அது ஈரத்தைச் சற்று நேரம் தாங்கும் என்றாலும் மேலுறைக்கு மாற்றாகாது.

அணிந்து பார்க்கும்போது

அளவு பிசகினால் மிக உயர்ந்த தூவியும் வீணாகும். குளிர்காலத்தில் உள்ளே எவற்றை அணிவீர்களோ அவற்றை அணிந்துகொண்டே கடைக்குப் போங்கள்: உடலோடு ஒட்டிய தெர்மல் உள்ளாடை, அதன் மேல் ஒரு ஸ்வெட்டர் அல்லது ஃபிளீஸ். மெல்லிய சட்டையோடு போய்ப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்த ஜாக்கெட், ஸ்வெட்டரை உள்ளே போட்டதும் இறுகும். தூவி உள்ளிருந்து அமுங்கும். விரிய வேண்டிய அறைகள் தட்டையாகும்.

ஜிப்பை முழுவதும் மூடிக்கொண்டு இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்துங்கள். இடுப்பு வெளியே தெரிகிறதா, மணிக்கட்டு இரண்டு விரற்கடைக்கு மேல் வெளிவருகிறதா என்று பாருங்கள். பிறகு கைகளை முன்னால் நீட்டி உங்களையே கட்டிக்கொள்ளுங்கள். முதுகில் துணி விறைத்தால் ஓர் அளவு பெரியது வேண்டும். உட்கார்ந்து பாருங்கள். நீளமான கோட்டாக இருந்தால் முழங்காலில் இறுக்கும். கீழிருந்தும் திறக்கக்கூடிய இருவழி ஜிப் இருந்தால் அந்தத் தொல்லை தீரும். காரிலும் பேருந்திலும் அடிக்கடி உட்கார்பவர் அதை அவசியம் கேட்டு வாங்க வேண்டும்.

மிகப் பெரிதாக வாங்குவதும் பிழையே. உடலுக்கும் ஜாக்கெட்டுக்கும் இடையே வெற்றிடம் அதிகமானால், ஒவ்வோர் அசைவிலும் உள்ளிருக்கும் வெதுவெதுப்பான காற்று கழுத்து வழியே வெளியேறி, குளிர்காற்று இடுப்பு வழியே உள்ளே ஏறும். வளரும் குழந்தைகளுக்கு அடுத்த ஆண்டுக்கும் சேர்த்துப் பெரிதாக வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஓர் அளவு பெரிதாக இருந்தால் பாதகமில்லை, அதற்கு மேல் போனால் அந்தக் குளிர்காலம் முழுவதும் குழந்தைதான் அவதிப்படும். அப்படி வாங்க நேர்ந்தால் கீழ்விளிம்பில் இறுக்கும் நாடா உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

நீளத்தைப் பொறுத்தவரை, நடப்பவருக்கு இடுப்பு நீளமும், நிற்பவருக்குத் தொடை அல்லது முழங்கால் நீளமும் ஏற்றவை.

ஜிப்பின் பின்னால் தூவி நிறைந்த ஒரு பட்டை மேலிருந்து கீழ்வரை ஓட வேண்டும். இல்லையென்றால் ஜிப்பின் பற்கள் வழியே காற்று நேராக மார்பில் இறங்கும். கையுறை அணிந்த கையால் ஜிப்பைப் பிடித்து இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள். காலர் மோவாய்வரை எழும்ப வேண்டும். தலைமூடி தூவி நிறைந்ததாகவும், உள்ளே குல்லா அணியும் அளவுக்கு இடமுள்ளதாகவும், நாடாவால் முகத்தைச் சுற்றி இறுக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதை அணிந்தபடி இடமும் வலமும் திரும்பிப் பாருங்கள். தலை திரும்பியும் தலைமூடி திரும்பாமல் நின்றால், சாலையைக் கடக்கும்போது வரும் வண்டி கண்ணில் படாது. மணிக்கட்டில் காற்று புகாத உட்பட்டி இருப்பது நல்லது. கைகளை நுழைக்கும் பக்கவாட்டுப் பைகளின் உள்பக்கம் மென்மையான துணியால் ஆனதாகவும், பையின் இருபுறமும் தூவி உள்ளதாகவும் இருக்கிறதா என்று கையை நுழைத்துப் பாருங்கள். கைபேசிக்கு உள்பக்கப் பை ஒன்று தேவை, ஏனெனில் கடுங்குளிரில் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும்.

தூவி வேண்டாம் என்று எப்போது முடிவு செய்வது?

1980-களில் அமெரிக்க இராணுவத்தின் தேவைக்காக உருவான பிரைமாலாஃப்ட் போன்ற செயற்கை நுண்ணிழைகள், நனைந்த பின்னும் ஓரளவு வெப்பம் காக்கும்; விரைவில் உலரும்; துவைப்பதும் எளிது. அதே எடைக்கு நல்ல தூவி அளவுக்கு வெப்பம் தருவதில்லை, பல ஆண்டுகள் அழுத்தி மடித்தால் உப்பலையும் விரைவாக இழக்கும். பெரும்பாலும் மழைக்குளிர் உள்ள இடத்தில் வசிப்பவர், வியர்க்க வியர்க்க வெளியில் உழைப்பவர், பறவைப் பொருள்களை அணிய விரும்பாதவர் ஆகியோர் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். சேற்றில் புரளும் சிறு குழந்தைக்கு நான் எப்போதும் செயற்கை இழையையே சொல்வேன்.

தூவி எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்டறிய வேண்டும். சந்தையில் உள்ள தூவியில் பெரும்பகுதி இறைச்சிக்காக வளர்க்கப்படும் பறவைகளிடமிருந்து கிடைப்பது. ஆனால் உயிரோடு இருக்கும் பறவையிலிருந்து பிடுங்குவதும், வலுக்கட்டாயமாக உணவு திணித்து வளர்ப்பதும் இத்தொழிலில் நடந்திருக்கின்றன. 2014-இல் அறிமுகமான ஆர்.டி.எஸ் (Responsible Down Standard) என்ற தரநிலை இவ்விரண்டையும் தடை செய்து, பண்ணையிலிருந்து தயாரிப்புவரை வெளியாரின் தணிக்கைக்கு உட்படுத்துகிறது. அந்த முத்திரை இல்லாத ஜாக்கெட்டை நான் வாங்குவதில்லை. நீங்களும் பார்த்து வாங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

சீட்டுகளைக் கத்தரிக்காமல், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள், குளிரான ஒரு மாலையில் வாசலிலோ பால்கனியிலோ கால் மணி நேரம் அசையாமல் நின்று பாருங்கள். முதலில் எங்கே குளிர்கிறது என்பதைக் கவனியுங்கள். கழுத்தில் குளிர்ந்தால் மஃப்ளர் தீர்வாகலாம். தொடையில் குளிர்ந்தால் நீளம் போதவில்லை. தோளிலும் முதுகிலும் குளிர்ந்தால் தூவி போதவில்லை, மாற்றிவிடுங்கள். உள்ளே பருத்தி பனியன் அணியும் பழக்கம் இருந்தால் அதைக் குளிர்காலத்துக்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும். மெரினோ கம்பளியோ செயற்கை இழை உள்ளாடையோ அணிந்தால் அதே ஜாக்கெட் கூடுதலாக வெதுவெதுப்பளிப்பதை உணர்வீர்கள்.

துணியிலிருந்து சிறு இறகின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பிடித்து இழுக்க வேண்டாம். இழுத்தால் துளை பெரிதாகி, அதன் பின்னால் தூவியும் வரும். உள்பக்கத்திலிருந்து அதைப் பிடித்து மெல்ல உள்ளிழுத்து, துளையை விரலால் தேய்த்துவிடுங்கள். சிறு கிழிசலுக்கு, நைலான் துணியில் ஒட்டும் பழுதுநாடாவை ஓரங்களை வட்டமாக வெட்டி ஒட்டினால் போதும். அடுப்பு, சிகரெட், தீமூட்டம் ஆகியவற்றின் பொறி பட்டால் மெல்லிய நைலான் உடனே உருகித் துளைபடும் என்பதால் எட்ட நில்லுங்கள்.

ஒரு குளிர்காலத்துக்கு ஒருமுறை அல்லது இருமுறை துவைத்தால் போதும். கழுத்திலும் மணிக்கட்டிலும் படியும் அழுக்கை இடையிடையே ஈரத்துணியால் துடைத்துக்கொள்ளலாம். துவைக்காமலே இருப்பதும் தவறு, ஏனெனில் உடலின் எண்ணெய்ப்பசை உள்ளே இறங்கி இழைகளை ஒட்டவைத்துவிடும். ஜிப்புகளை எல்லாம் மூடி, முன்பக்கக் கதவுள்ள இயந்திரத்தில், மென்மையான சுழற்சியில், குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீரில், டவுனுக்கென்று விற்கும் சோப்புத் திரவத்தைச் சிறிதளவு இட்டுத் துவையுங்கள். துணி மென்மையாக்கியும் பிளீச்சும் கூடாது. கூடுதலாக ஒருமுறை அலசி எடுங்கள்.

துவைத்து எடுத்ததும் ஜாக்கெட் நனைந்த கந்தல்போலச் சுருண்டு கிடக்கும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஈரத்தின் எடையில் உள்தையல் கிழியக்கூடும் என்பதால் இரு கைகளாலும் தாங்கி எடுத்து, உலர்த்தும் இயந்திரத்தில் குறைந்த வெப்பத்தில், சுத்தமான இரண்டு மூன்று டென்னிஸ் பந்துகளோடு போடுங்கள். பந்துகள் மோதி மோதிக் கட்டிகளை உடைக்கும். இடையிடையே வெளியே எடுத்து, அறைகளில் தட்டுப்படும் கட்டிகளை விரல்களால் பிரித்துவிடுங்கள். இது மூன்று நான்கு மணி நேரம்கூட ஆகலாம். வெளித்துணி காய்ந்துவிட்டது என்று நம்பி நிறுத்திவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் சில நாள்களில் நாற்றமெடுக்கும். எந்த அறையிலும் கட்டி தட்டுப்படாமல், முழுவதும் பழையபடி உப்பிய பிறகே எடுத்து மாட்டுங்கள். வெயில்காலத்தில் அதைச் சிறு பைக்குள் திணித்து வைக்காமல், அகலமான ஹேங்கரில், உலர்ந்த அலமாரியில், மற்ற துணிகள் நெருக்காத இடத்தில் தொங்கவிடுங்கள்.